குழாய் நீரும் கணக்குப் புத்தகமும்

சென்ற இரண்டு மாதங்களில் இப்பகுதிக்கு வந்த கடிதங்களுள் இரண்டு, ஒரே பொருளைப் பற்றியவை. ஒன்று தேவிகுளத்துக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியது. மற்றொன்று சித்தூர்த் தாலுகாவின் கிழக்குக் கோடியிலிருந்து ஓர் அன்பர் எழுதியது.

சகோதரி கேட்கிறார்: "எங்களுக்கு வரும் நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு திறமையோடு வேலை செய்கிறதாம். அப்படியானால் மழை வலுத்த வாரத்தில் மட்டும் எங்கள் லயத்தில் நான்கு வீட்டுக் குழந்தைகள் வயிற்றுப்போக்கால் படுத்துக் கொண்டது ஏன்? மிச்சமுள்ள ஐந்து பங்கு எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறதா?"

அன்பரின் குறையோ வேறு வகையானது. அவர் ஊரில் ஆழ்துளைக் கிணற்று நீரை மணலில் வடித்துக் குழாயில் விடுகிறார்கள். நீர் பளிங்கு போல் தெளிந்திருக்கிறது. நிலையம் நன்றாக வேலை செய்கிறது என்று எல்லோரும் சொல்லுகிறார்கள். ஆயினும் அவ்வூர்ப் பிள்ளைகள் சிலரின் பற்களில் பழுப்புக் கறை படிந்திருக்கிறது.

இவ்விரு கேள்விகளுக்கும் விடை ஓரிடத்திலேதான் இருக்கிறது. ஒரு நிலையத்தின் திறமையை எவ்வாறு கணக்கிட வேண்டும் என்னும் கேள்வியே அது. கணக்கு என்றவுடன் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கூட்டல், கழித்தல், வகுத்தல் அறிந்தவர் யாவரும் இதை அறிந்து கொள்ளலாம்.

இரு மாவட்டம், இரு வகை நீர்

நம்மவர்கள் வாழும் இவ்விரு எல்லைப்புறங்களும் நீரைப் பொறுத்தவரை ஒன்றுக்கொன்று நேர்மாறானவை. பாலக்காட்டுக் கணவாயின் கிழக்குப் புறம் மழை குறைந்த பூமி. அங்கே அணைதான் உயிர். மலம்புழை அணையை 1955-ஆம் ஆண்டில், மலபார் சென்னை மாநிலத்தோடு சேர்ந்திருந்த காலத்தில், அன்றைய முதலமைச்சர் காமராசர் திறந்து வைத்தார். பாலக்காட்டு நகருக்குக் குடிநீர் தருவது அந்த அணையே. சித்தூர்ப் புழையோ ஆழியாற்று நீரை நம்பியிருக்கிறது. 1970-இல் கையெழுத்தான பரம்பிக்குளம்–ஆழியாறு உடன்படிக்கையின்படி, மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் கேரளத்துக்கு விடப்பட வேண்டும். ஆற்று நீர் எட்டாத ஊர்களில் ஆழ்துளைக் கிணறுகளே கதி. அவற்றுட் சிலவற்றில் உப்பு மிகுதி. சிலவற்றில் ஃபுளோரைடு என்னும் பொருளும் கரைந்திருக்கிறது.

இடுக்கி மலைகளில் நிலைமை வேறு. மழைக்குக் குறைவில்லை. ஊற்றும் ஓடையும் தந்த நீர் பெரும்பாலும் மென்னீர். உப்பு மிகக் குறைவு. ஆனால் சரிவு செங்குத்தானது. ஒரு பெருமழை பெய்தால், காலையில் தெளிந்து ஓடிய ஓடை மாலைக்குள் செம்மண் குழம்பாகிவிடுகிறது.

நிலையத்தில் நடப்பது என்ன? கலங்கிய நீரில் படிகாரம் சேர்க்கிறார்கள். மண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு கனத்துத் தொட்டியின் அடியில் படிகின்றன. மேலுள்ள நீர் மணற்படுகையின் வழியே வடிகிறது. பின்பு குளோரின் கலந்து, எஞ்சிய கிருமிகளைக் கொல்லுகிறார்கள். நம் பாட்டிமார் கலங்கல் நீரில் தேற்றாங்கொட்டையை உரைத்துத் தெளிவித்தார்களே, அதே உபாயந்தான். அளவுதான் பெரியது.

மலை நீருக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. படிகாரம் வேலை செய்ய வேண்டுமானால் நீரில் காரத்தன்மை வேண்டும். பத்துப் பங்கு படிகாரம் ஏறத்தாழ ஐந்து பங்கு காரத்தன்மையைத் தின்றுவிடும். மென்னீரில் அது முன்னமே குறைவு. ஆகவே கலங்கல் மிகுந்த நாளில் படிகாரத்தை அள்ளிப் போட்டால் மட்டும் போதாது. சுண்ணாம்பும் அளவறிந்து சேர்க்க வேண்டும். இல்லையேல் மண் திரளாமல் வடிகட்டிக்குப் போய்விடும்.

சித்தூர் அன்பரின் கேள்விக்கு விடை இங்கேயே கிடைத்துவிடுகிறது. மணல் வடிகட்டி தடுப்பது மிதக்கும் மண்ணையே. நீரில் கரைந்துவிட்ட ஃபுளோரைடை அது தடுக்காது. கலங்கலை நீக்குவதில் நூற்றுக்கு நூறு வாங்கும் நிலையமும் ஃபுளோரைடை நீக்குவதில் சுழி வாங்கக் கூடும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 2012-ஆம் ஆண்டு விதிப்படி ஒரு லிட்டர் குடிநீரில் ஃபுளோரைடு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நலம். வேறு நீரே கிடைக்காவிடத்து 1.5 வரை பொறுக்கலாம். ஆகவே "நிலையம் திறமையாக வேலை செய்கிறது" என்று எவரேனும் சொன்னால், எதை நீக்குவதில் திறமை என்பதே நாம் கேட்க வேண்டிய முதற் கேள்வி.

சராசரி என்னும் போர்வை

இனிச் சகோதரியின் கேள்விக்கு வருவோம். தொண்ணூற்றைந்து விழுக்காடு என்பது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. மெய்யான எண்ணே நம்மை ஏமாற்றக் கூடும். கணக்குக்காகச் சில எண்களைப் புனைந்து கொள்வோம்.

கலங்கலை ஓர் அலகால் அளக்கிறார்கள். மேற்சொன்ன விதிப்படி குடிநீரில் அது 1 அலகுக்குள் இருக்க வேண்டும்; வேறு வழியில்லாதபோது 5 வரை பொறுக்கலாம். ஒரு நாள் ஓடை நீர் 200 அலகு கலங்கியிருந்தது. நிலையத்திலிருந்து 6 அலகாக வெளிவந்தது. நீக்கியது நூற்றுக்குத் தொண்ணூற்றேழு! வேறொரு நாள் 8 அலகாக உள்ளே வந்தது, 0.8 அலகாக வெளியே போயிற்று. நீக்கியது நூற்றுக்குத் தொண்ணூறே. விழுக்காட்டைப் பார்த்தால் முதல் நாளே சிறந்தது. குடிக்கிற குழந்தைக்கோ முதல் நாளின் நீர்தான் ஆகாதது. வயிற்றுக்குள் போவது எஞ்சியிருக்கும் கலங்கலேயன்றி நீக்கப்பட்ட விழுக்காடன்று.

இன்னொரு கணக்கு. ஒரு மாதத்தில் 27 நாட்கள் நீர் 0.5 அலகாக வந்தது. மழை வலுத்த 3 நாட்களில் 8 அலகாக வந்தது. மாதச் சராசரி 1.25. இது 5-க்கு வெகு கீழே இருக்கிறது. அறிக்கையில் குறை காண முடியாது. ஆனால் அந்த மூன்று நாட்களில் நடந்ததென்ன? மண் துகளின் மறைவில் கிருமிகள் ஒளிந்து கொள்கின்றன. அழுக்கோடு சேர்ந்து குளோரினும் வீணாகிறது. லயத்துக் குழந்தைகள் சராசரி நீரைக் குடிக்கவில்லை. அந்தந்த நாளின் நீரையே குடித்தார்கள். நல்ல நாட்களின் தெளிவு கெட்ட நாட்களின் கலங்கலை மறைக்கும் போர்வையாக அமைந்துவிட்டது.

ஒரு தெருவின் இரு புறம்

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று என்பதற்குச் சான்றாக, எல்லைப்புறத்தில் வாழும் நமக்கு நன்கு விளங்கும் ஒரு வரலாறு உண்டு. ஜெர்மனியில் எல்பே ஆற்றங்கரையில் ஹாம்பர்க், ஆல்டோனா என்று இரு நகரங்கள் அக்காலத்தில் ஒட்டி இருந்தன. ஆட்சி வேறு, நடுவே எல்லை ஒரு தெரு. இரண்டும் ஒரே ஆற்று நீரையே குடித்தன. ஆல்டோனா ஹாம்பர்க்குக்குக் கீழே நீர் எடுத்தது. அதாவது ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த பின்பு. ஆனால் ஆல்டோனா அந்த நீரை மணலில் வடித்துக் குடித்தது. ஹாம்பர்க் வடிக்காமல் குடித்தது.

1892-ஆம் ஆண்டில் வாந்திபேதி வந்தது. ஹாம்பர்க்கில் 8,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆல்டோனா பெரும்பாலும் தப்பியது. எல்லைத் தெருவின் ஒரு புறத்து வீடுகளில் நோய், எதிர்ப்புறத்தில் இல்லை. இன்னும் வியப்பு, எல்லைக்கு இப்பால் ஹாம்பர்க்கைச் சேர்ந்த ஒரு குடியிருப்புக்கு ஆல்டோனாவின் குழாய் நீர் வந்து கொண்டிருந்தது. அக்குடியிருப்பும் தப்பிற்று. காற்றும் மண்ணும் மக்களும் ஒன்றாக இருக்க, நீர் ஒன்றே வேறுபட்டதை இராபர்ட் கோக் என்னும் பேரறிஞர் எடுத்துக் காட்டினார்.

இவ்வளவோடு கதை முடிந்திருந்தால் ஆல்டோனாவின் வடிகட்டிகளைப் புகழ்ந்துவிட்டு நிறுத்திக் கொள்ளலாம். அடுத்த குளிர்காலத்தில், 1893-இன் தொடக்கத்தில், ஆல்டோனாவிலேயே வாந்திபேதி தலைகாட்டியது. கோக் ஆராய்ந்தார். கடுங்குளிரில் ஒரு வடிகட்டியைத் துப்புரவு செய்தபோது அதன் மணல் உறைந்துவிட்டது. பிறகு அது நீரைச் சரிவர வடிக்கவில்லை. மற்ற வடிகட்டிகள் யாவும் ஒழுங்காகவே இருந்தன. எல்லா நீரும் ஒன்றாய்க் கலந்த பின் அளந்தால் இக்குறை மறைந்து போயிருக்கும். ஆகவே ஒவ்வொரு வடிகட்டியின் நீரையும் தனித்தனியே, நாள்தோறும் சோதிக்க வேண்டும். ஒரு கன சென்டிமீட்டரில் கிருமிகள் நூற்றுக்குள் இருக்க வேண்டும் என்று அவர் விதி வகுத்தார். ஊரைக் காப்பது சராசரியன்று, நாள்தோறும் நடத்தும் சோதனையே என்பதை ஆல்டோனா உயிர்களைக் கொடுத்துக் கற்றுக் கொண்டது.

எதிர்பார்த்தது எவ்வளவு, வந்தது எவ்வளவு?

இன்று புள்ளியியல் இதற்கு இன்னும் கூர்மையான ஒரு கருவியைத் தந்திருக்கிறது. நிலையத்தின் நாட்குறிப்பில் பல செய்திகள் இருக்கும்: உள்ளே வந்த நீரின் கலங்கல், முந்தின நாளின் மழை, சேர்த்த படிகாரம், மணிக்கு எத்தனை லிட்டர் ஓடிற்று, வடிகட்டியைக் கழுவி எத்தனை மணி ஆயிற்று, முடிவில் வெளிவந்த நீரின் கலங்கல். ஓரிரு ஆண்டுகளின் குறிப்பை எடுத்துக் கொண்டு, இவற்றுள் ஒவ்வொன்றும் முடிவை எவ்வளவு மாற்றுகிறது என்று கணக்கிடலாம். 1805-இல் லெஜாந்தர் என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர் வெளியிட்ட மீச்சிறு வர்க்க முறையே இதற்கு அடிப்படை. புள்ளிகள் சிதறிக் கிடக்கும்போது, அவற்றுக்கெல்லாம் மொத்தத்தில் மிக அருகே செல்லும் கோட்டைக் காணும் வழி அது. இவ்வாறு அமைந்த கணித வடிவம், "இத்தகைய நீர் வந்து, இவ்வளவு படிகாரம் இட்டால், வெளிவரும் கலங்கல் இவ்வளவு இருக்க வேண்டும்" என்று முன்கூட்டியே சொல்லும்.

அதன் பயனைப் பாருங்கள். உள்ளே 150 அலகு கலங்கிய நீர் வந்த நாளில் 1.5 அலகு எதிர்பார்க்கலாம் என்று கணக்குச் சொல்ல, 1.6 வந்தது என்று வைத்துக் கொள்வோம். நிலையம் தன் கடமையைச் செய்தது, பாரம்தான் மிகுதி. அதற்குப் பரிகாரம் ஊழியரைக் கடிவதன்று. இன்னொரு தொட்டி கட்டுவதோ, ஓடைக்கரையில் மண்ணரிப்பைத் தடுப்பதோ ஆகும். மற்றொரு நாள் 20 அலகே உள்ளே வந்தது, 0.5 எதிர்பார்த்த இடத்தில் 1.4 வந்தது. இந்த 1.4-ஐப் பார்த்து எவரும் கலங்கமாட்டார். ஆயினும் எங்கோ பழுது தொடங்கிவிட்டது: வடிகட்டியைக் கழுவாமல் விட்டிருக்கலாம்; படிகாரக் குழாய் அடைத்திருக்கலாம். மழை வருவதற்கு முன்னே இதைக் கண்டு திருத்தினால் லயத்துக் குழந்தைகள் பிழைப்பார்கள்.

இயல்பான ஏற்றத் தாழ்வு எது, பழுதின் அறிகுறி எது என்று பிரித்தறிவதற்கு 1924-இல் அமெரிக்காவில் ஷூவார்ட் என்பவர் ஒரு வரைபட முறை வகுத்தார். நடுவே ஒரு கோடு, மேலும் கீழும் ஒவ்வோர் எல்லைக் கோடு. புள்ளி எல்லையைத் தாண்டினால் காரணம் தேடு என்பதே அதன் விதி. தொழிற்சாலைகளுக்காகப் பிறந்த அம்முறை நீர் நிலையங்களுக்கும் பொருந்தும்.

மூன்று எச்சரிக்கைகள்

ஆயினும் கணக்கைக் கண்மூடி நம்பலாகாது. முதலாவது, ஒட்டி நடப்பதெல்லாம் காரணம் ஆகாது. படிகாரம் மிகுதியாய்ச் சேர்த்த நாட்களில்தான் வெளிவரும் நீரும் கலங்கியிருக்கிறது என்று குறிப்பேடு காட்டும். அதனால் படிகாரமே கலக்குகிறது என்று முடிவு செய்யலாமா? மருந்து உண்பவரெல்லாம் நோயாளிகளாக இருப்பதைக் கண்டு மருந்தே நோயைத் தந்தது என்பது போலாகும். இரண்டுக்கும் பின்னே நிற்பது மழை. இவ்வகைத் தவற்றிலிருந்து நம் நாட்டைக் காத்த பெருமை மகாலனோபிஸுக்கு உண்டு. 1926-இல் ஒரிசாவில் வெள்ளம் வந்தபோது, ஆற்றுப் படுகை மேடிட்டுவிட்டது, கரையை உயர்த்த வேண்டும் என்று பொறியியலார் கருதினர். அவர் பல ஆண்டுக் குறிப்புக்களை ஆராய்ந்து, படுகை உயரவில்லை, மிகுமழையே காரணம் என்று காட்டினார்.

இரண்டாவது, மாதிரி எடுக்கும் வேளை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். அது பானைக்குப் பொருந்தும். ஏனெனில் சோறெல்லாம் ஒரே நேரத்தில், ஒரே கொதியில் வெந்தது. ஓடை அத்தகையதன்று. இங்கே துலாவர்ஷம் என்று சொல்லப்படும் ஐப்பசி மழை பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும் இடியோடு வருவதை நாம் அறிவோம். நாள்தோறும் காலை பத்து மணிக்கே மாதிரி எடுத்தால், மாலைக் கலங்கல் ஏட்டில் ஏறவே ஏறாது. ஏட்டில் இல்லாததைக் கணக்கு எங்கிருந்து காணும்?

மூன்றாவது, மாதிரிகளின் தொகை. "முப்பது மாதிரி பார்த்தோம், ஒன்றிலும் குறையில்லை" என்றால் நிம்மதியாக இருக்கிறது. ஆனால் நூறு நாளில் ஐந்து நாள் தவறுகிற நிலையத்திலும், முப்பது மாதிரிகளும் தூயனவாகவே அமைவதற்கு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வாய்ப்பு உண்டு. ஓர் எளிய விதியை நினைவில் வைத்துக் கொள்ளலாம்: குறையே காணாதபோது, மூன்றை மாதிரிகளின் தொகையால் வகுத்துப் பார்க்க வேண்டும். 30 மாதிரி என்றால் பத்தில் ஒரு பங்கு தவறும் இருக்கக் கூடும்; 300 மாதிரி என்றால் நூற்றில் ஒன்று. இதற்கு மேல் தவறு இராது என்று ஓரளவு துணிவோடு சொல்லலாம். அதற்குக் கீழ் எவ்வளவு என்று சொல்ல முடியாது.

நாம் செய்யக் கூடியது

தோட்டத்திலும் வயலிலும் உழைத்துவிட்டு வரும் நாம் இதற்கெல்லாம் என்ன செய்ய முடியும் என்று எண்ண வேண்டாம். கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. கேரள நீர் ஆணையமோ, பஞ்சாயத்தோ, ஊர்க் குழுவோ, தோட்ட நிர்வாகமோ, யார் நீர் தந்தாலும் மூன்று கேள்விகளை மரியாதையோடு கேட்போம். மாதச் சராசரியோடு, மிக மோசமான நாளின் அளவு என்ன? மழைக்குப் பின் மாதிரி எடுக்கிறீர்களா? கலங்கலோடு, எங்கள் நிலத்துக்கு உரிய குறையையும் சோதிக்கிறீர்களா? கேட்பதற்கு மொழி தடையாக வேண்டியதில்லை. தமிழ்ச் சிறுபான்மையினர் அரசு அலுவலகங்களுக்குத் தம் மொழியிலேயே எழுதவும் தமிழிலேயே மறுமொழி பெறவும் 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் வழி வகுத்தது. மலையாளத்தில் வரும் சோதனைத் தாளைப் படிக்க இயலாத பெரியோர்கள், அதை நம் சங்கத்து இளைஞர்களிடம் காட்டலாம்.

2019-இல் தொடங்கிய ஜல ஜீவன் திட்டத்தில், ஊருக்கு ஐந்து பெண்களுக்கு நீர்ச் சோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி தர ஏற்பாடு உண்டு. நம் சகோதரிகள் அதில் சேர முன்வர வேண்டும்.

வீட்டிலும் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வைத்துக் கொள்ளுங்கள். தேதி, மழை உண்டா, குழாய் நீர் தெளிவா கலங்கலா, குளோரின் வாடை இருந்ததா, வீட்டில் எவருக்கேனும் வயிற்றுப்போக்கு உண்டா. இந்த ஐந்தையும் நாளுக்கு ஒரு வரியாகக் குறித்தால் போதும். பத்து வீட்டார் ஆறு மாதம் குறித்த ஏடுகளைச் சேர்த்து வைத்தால், அதிகாரிகளிடம் நாம் சொல்லும் குறை வெறும் முறையீடாக இராது, சான்றாக நிற்கும். அதுவரையில், மழைநாளில் குடிநீரைக் கொதி வரும்வரை காய்ச்சியே குழந்தைகளுக்குக் கொடுங்கள். ஒன்றை மட்டும் சித்தூர் அன்பர் மறவாதிருக்க வேண்டும்: காய்ச்சுவதால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. அவர்கள் குடிக்கவும் சமைக்கவும் ஆற்று நீரையோ மழை நீரையோ தூய்மை செய்து கொள்வதே நல்லது. கிணற்று நீரை ஒரு முறையேனும் சோதனைச் சாலைக்கு அனுப்பி அளவை அறிந்து கொள்ளவும் வேண்டும்.

தேவிகுளத்துச் சகோதரிக்கு ஒரு வார்த்தை. அந்த ஐந்து பங்கு தங்கள் வீட்டைத் தேடி வரவில்லை, அம்மா. மழை நாட்களைத் தேடி வந்திருக்கிறது என்றே தோன்றுகிறது. எந்தெந்த நாள் என்று தாங்கள் குறித்து அனுப்பினால், அடுத்த முறை இப்பகுதியில் அந்தக் கணக்கை நாமே சேர்ந்து போட்டுப் பார்ப்போம்.